கூழ்வண்டிக்கு எதிராக ஒரு மனு

எங்கள் தெருவில் ஏப்பத்துக்கு ஒரு மரியாதை இருந்தது. கல்யாணப் பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் விடப்படும் ஏப்பத்தின் நீளத்தை வைத்தே சமையல்காரருக்கு அடுத்த வேலை கிடைத்துவிடும். அந்த மரியாதை போன வருடம் போயிற்று. போனதற்குக் காரணம் நான். இதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் சொன்னால் நான் தப்பிக்கப் பார்த்தேன் என்பீர்கள். தப்பிக்கத்தான் பார்த்தேன் என்பது வேறு விஷயம்.

எனக்குத் துறைமுகத்தில் வேலை. சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் ஏஜென்ட் அலுவலகம் ஒன்றில் ஆவணப் பிரிவு. கப்பலில் வருவது முந்திரியோ மரத்தடியோ பழைய பேப்பரோ, காகிதத்தில் என் மேஜையைத் தாண்டாமல் ஊருக்குள் நுழைய முடியாது. இருபத்தேழு வருடமாகக் காகிதம் பார்த்த கண் எனக்கு. எடையில் ஒரு கிலோ இடித்தாலும் கன்டெய்னரை நிறுத்திவைத்திருக்கிறேன். அப்பேர்ப்பட்டவனின் வயிற்றுக்குள் ஒரு சரக்கு எந்த ஆவணமும் இல்லாமல் வந்து இறங்கி, குடித்தனமும் நடத்தியிருக்கிறது.

முதல் ஏப்பம் அலுவலகத்தில் வந்தது. எதிரே ஒரு வாடிக்கையாளர் உட்கார்ந்து தாமதக் கட்டணம் பற்றி அழுதுகொண்டிருந்தார். நான் ஆறுதலாக வாயைத் திறந்தேன். அழுகிய முட்டையை உடைத்து மேஜைமேல் வைத்ததுபோல ஒரு நாற்றம். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"நிலக்கரிக் கப்பல் வந்திருக்கோ?" என்றார்.

"ஆமா, காலையிலயே வந்தாச்சு" என்றேன்.

தூத்துக்குடியில் எந்தக் குற்றத்தையும் முதலில் நிலக்கரியின் தலையில் போடலாம். ஏற்கெனவே கறுப்பாக இருப்பதால் கூடுதல் அழுக்கு தெரிவதில்லை.

இரண்டு வாரத்தில் தெருவில் பாதிப் பேருக்கு அதே ஏப்பம். வயிறு உப்பிக்கொண்டது. சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. என் பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட வேண்டியிருந்தது. "என்ன, இளைச்சுட்டிய? வாக்கிங்கா?" என்று கேட்டவர்களிடம் ஆமாம் என்று அடக்கமாகச் சொன்னேன். நடந்தது உண்மைதான், படுக்கையறைக்கும் கழிவறைக்கும் நடுவே.

இந்த இடத்தில் எங்கள் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் தரையைத் தோண்டினால் உப்புத்தண்ணீர் வரும். பாதி ஊர் உப்பளம், மீதிப் பாதி உப்பளமாகத் தயாராக இருப்பது. ஆகவே குடிக்கிற தண்ணீர் தாமிரபரணியிலிருந்து மாநகராட்சிக் குழாய் வழியாக வரவேண்டும். சில நாளைக்கு ஒருமுறை வரும். வரும்போது ஒரு சோம்பலுடன் வரும். தெருவில் முதலில் ஒருவர் வாசலில் இரண்டடிக் குழி தோண்டிக் குழாயைத் தாழ்த்திவைத்தார். பள்ளத்தில் தண்ணீர் கொஞ்சம் வேகமாக விழுந்தது. அதைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர் மூன்றடி தோண்டினார். அவருக்கு அடுத்தவர் நாலடி தோண்டி மோட்டாரும் வைத்தார். இப்போது எங்கள் தெருவில் எல்லா வாசலிலும் கான்கிரீட் மூடி போட்ட ஒரு குழி உண்டு. குழிக்கு ஒரு முழம் தள்ளிச் சாக்கடை. மழை பெய்தால் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. தண்ணீர் நின்ற பிறகும் ஐந்து நிமிடம் மோட்டார் ஓடும். குழாயில் மிச்சமிருப்பதை விடக்கூடாதல்லவா? தண்ணீர் இல்லாத குழாயை மோட்டார் உறிஞ்சினால், மூட்டு கசிகிற இடத்தின் வழியே குழியில் கிடப்பது உள்ளே போகும். இது எனக்கு இப்போது தெரியும். அப்போது, அறிவியல் படித்த தெருவாகிய நாங்கள் எல்லோரும் ஆர்.ஓ. மெஷின் வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டு நிம்மதியாக இருந்தோம்.

நிம்மதிக்கு ஒரே ஒரு குறை, ருசி. மெஷின் தண்ணீர் சப்பென்று இருந்தது. தெருவில் முக்கால்வாசிப் பேர் ஆற்றங்கரை நெல்வயல் ஊர்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். உலகத்தில் தாமிரபரணித் தண்ணீரைத் தவிர மற்றதெல்லாம் ஒருவிதத் திரவம் என்பது எங்கள் எண்ணம். அல்வாவுக்கே அந்தத் தண்ணீர்தான் ருசி கொடுக்கிறது என்றால் எங்கள் நாக்குக்குக் கொடுக்காதா? நான் மெஷினைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரு சின்னத் திருகு இருந்தது. அதைத் திருப்பினால் வடிகட்டிய தண்ணீரோடு கொஞ்சம் பச்சைத் தண்ணீரும் கலக்கும். எங்கள் மெஷின்கள் உள்ளூரில் கோத்த மலிவு வகை. பச்சைத் தண்ணீர் ஒரு பஞ்சு உருளையை மட்டும் தாண்டி நேராக டம்ளருக்கு வந்துவிடும்.

நான் திருப்பினேன். ஒரு டம்ளர் குடித்தேன். என் சொந்த ஊர்ப் படித்துறையில் குனிந்து கையால் அள்ளிக் குடித்த அதே ருசி. கண்ணில் நீர் வந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆனால் வந்தது.

சந்தோஷத்தைத் தனியாக அனுபவிக்கிற கெட்ட பழக்கம் எனக்கில்லை. திருப்புளியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பத்து வீடுகளில் திருகைத் திறந்துவைத்தேன். எல்லா வீட்டிலும் காபி கொடுத்தார்கள். "படிச்ச மனுசன் படிச்ச மனுசன்தான்" என்று தெருச் சங்கத்தின் தலைவர் சொன்னார். அவர் இரும்புக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அண்ணாச்சி. என் மனைவி மட்டும் நான் திருப்புளியோடு வீடு திரும்பியபோது அதை என் கையிலிருந்து வாங்கிப் பரண்மேல் போட்டாள்.

இது நடந்தது ஏப்பங்களுக்கு ஒரு மாதம் முந்தி. இரண்டுக்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது வேறு.

சங்கத்துக் கூட்டம் அண்ணாச்சியின் கார் நிற்கிற இடத்தில், காரை வெளியே தள்ளிவிட்டு நடந்தது. முதலில் நிலக்கரித் தூசு. அடுத்து, ஐஸில் வெகுநாள் வைத்த மீன். அதன்பிறகு ஒருவர், "தெரு முக்குல அந்தக் கூழ்வண்டி எப்ப வந்துச்சு?" என்றார்.

எல்லோரும் கணக்குப் போட்டோம். மூன்று மாதம் ஆகிறது.

"நமக்கு எப்ப வந்துச்சு?"

"ஒரு மாசம்."

"அதான, சரியா இருக்குல்லா!" என்றார் அண்ணாச்சி. என்ன சரியாக இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

கூழ்வண்டி அக்காவுக்குச் சொந்த ஊர் தேரிக்காடு. செம்மண்ணும் பனையும் தவிர வேறொன்றும் இல்லாத பக்கம். கம்மங்கூழ், மோர்மிளகாய், சீனியவரைக்காய் வற்றல், மாங்காய்க் கீற்று. துறைமுகச் சாலையில் வருகிற லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வரிசையில் நிற்பார்கள். நானும் தினமும் காலையில் ஒரு சொம்பு குடிப்பேன். அவர் என்னை அண்ணாச்சி என்பார், நான் அவரை அக்கா என்பேன். யாருக்கு வயது அதிகம் என்று இரண்டு பேருமே கேட்டுக்கொண்டதில்லை. தெரிந்தால் யாராவது ஒருவர் தோற்க வேண்டியிருக்கும்.

மாநகராட்சிக்கு மனு எழுதச் சொன்னது சங்கம், எழுதியது நான். நன்றாக வாசிக்கிறவனுக்கு நன்றாக எழுதவேண்டும் என்ற சபலம் எப்போதும் உண்டு. 'மேற்படி வண்டியில் சுகாதாரமற்ற நீரைக்கொண்டு தயாரிக்கப்படும் மேற்படி திரவ உணவால் இத்தெரு வாழ் பொதுமக்களின் குடல் நலன் பெரிதும் பங்கமுற்று...' என்று எழுதும்போது எனக்கே புல்லரித்தது. குடல் நலன் என் பிரயோகம். பங்கமுற்று என்பதற்குக் கூட்டத்தில் ஒருவர் கைதட்டினார். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாளிலிருந்து நான் அலுவலகத்துக்கு வேறு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தேன்.

எங்கள் ஊரில் ஒரு மனு போய்ச் சேர்ந்து அசைவதற்கு எத்தனை காலமாகும் என்று எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் எழுதினேன். ஆனால் அந்த மனு பாழாய்ப்போன நல்ல நடையில் இருந்தது. ஒன்பதாம் நாள் சாயங்காலம் வாசலில் குரல் கேட்டது.

"அண்ணாச்சி, இருக்கியளா?"

அக்கா நின்றார். கையில் நாலாக மடித்த ஒரு காகிதம்.

"ஆபீஸ்லருந்து வந்து குடுத்துட்டுப் போனாவ. தமிழ்லதான் எழுதிருக்கு. நாலு மட்டம் வாசிச்சுட்டேன், ஒண்ணும் வெளங்கல. நீங்கதான் மனு எழுதுத ஆளு, ஒங்களுக்கு வெளங்கும்லா?"

வாங்கிப் பார்த்தேன். என் வாக்கியங்கள் அப்படியே இருந்தன. மாநகராட்சி அவற்றில் ஒரு புள்ளியைக்கூட மாற்றாமல் கீழே முத்திரை மட்டும் குத்தியிருந்தது. வாழ்நாளில் என் எழுத்து திருத்தப்படாமல் வெளிவந்தது அந்த ஒரு முறைதான்.

"சத்தமா வாசிங்க" என்றார்.

வாசித்தேன்.

"குடல் நலன்னா என்னது?"

"வயிறு."

"வயிறுன்னே எழுதலாம்லா? எந்தக் கூறுகெட்டவன் இத எழுதுனான்?"

உள்ளே என் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"ஆபீஸ்ல அப்படித்தான் எழுதுவாவ" என்றேன்.

"என்னதான் செய்யணுமாம்?"

"பத்து நாளைக்குள்ள நீங்க வயித்துப் பரிசோதனை பண்ணி, ஒங்களுக்கு நோய் ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சர்டிபிகேட் குடுக்கணும். தண்ணி எங்க எடுக்கியன்னு எழுதிக் குடுக்கணும். இல்லன்னா வண்டிய எடுத்துருவாவ."

"வண்டிய எடுத்துட்டா எம்மவ, அவ ரெண்டு பிள்ளைய, நானு, எல்லாரும் அந்த நோட்டீசத்தான் கரச்சுக் குடிக்கணும்" என்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். "சரி, பதில எழுதுங்க. நல்லா எழுதுவியளாம்."

எழுதினேன். மேற்படி புகார் ஆதாரமற்றது, உள்நோக்கம் கொண்டது என்றெல்லாம் காட்டமாக எழுதினேன். ஒரே ஆள் இரண்டு பக்கமும் வாதாடுகிற வழக்குகளை எந்த நீதிமன்றமும் அனுமதிக்காது என்று நினைக்கிறேன். கடைசி வரியை எழுதும்போது ஓர் ஏப்பம் வந்தது. அக்கா ஓரடி பின்னால் நகர்ந்து நின்றார்.

அவர் போன பிறகு மனைவி ஈரக்கையோடு வந்தாள். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறிய. அந்தப் பொம்பள டெஸ்டு எடுக்கணும்னு எழுதின ஆளு மொதல்ல எடுங்க."

மலப் பரிசோதனைக்கு டப்பாவை எடுத்துக்கொண்டு போகிற மனிதனுக்குத் தெருவில் தெரிந்தவர்கள் அதிகமாகிவிடுகிறார்கள். டப்பாவைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். வழியில் மூன்று பேர், "என்ன, இன்னைக்கு என்ன சாப்பாடு?" என்று கேட்டார்கள். பரிசோதனைக்கூடத்தில் ஓர் இளம்பெண் உட்கார்ந்து நுண்ணோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் டப்பாவை வாங்கி, கண்ணாடித் தகட்டில் தடவி, கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சார், நீங்க எந்தத் தெரு?"

சொன்னேன்.

"அதான. உங்க தெருலேர்ந்து நீங்க ஒம்பதாவது ஆளு. ஜியார்டியான்னு ஒரு கிருமி, எல்லாருக்கும் அதேதான். 'வெளியில சொல்லிராதம்மா'ன்னுட்டுத்தான் எல்லாரும் போறாவ. பாக்கியளா சார்?"

பார்த்தேன். இரண்டு கண்ணும் ஒரு மீசையும் வைத்த மாதிரி என்னவோ ஒன்று. சில மூத்த அதிகாரிகளின் முகச்சாயல் இருந்தது.

"சாக்கடை கலந்த தண்ணிலதான் சார் வரும். நீங்க என்ன தண்ணி குடிக்கிய?"

"ஆர்.ஓ." என்று தலைநிமிர்ந்து சொன்னேன்.

"அதான் எனக்குப் புரியல. ஒம்பது பேரும் ஆர்.ஓ.ன்னுதான் சொல்லுதாவ. கேன் தண்ணி குடிக்கிறவங்க, கொதிக்கவச்சுக் குடிக்கிறவங்க ஒருத்தரும் வரல. மெஷின் ஒழுங்கா இருந்தா இது தாண்டாது சார். யாராவது நோண்டினாத்தான் உண்டு."

என் காதில் பரண்மேல் திருப்புளி விழுகிற சத்தம் கேட்டது.

மாத்திரை கொடுத்தார்கள். அதை விழுங்கிய நாளெல்லாம் வாயில் துருப்பிடித்த ஆணியைச் சப்பியதுபோல ஒரு ருசி. தண்ணீரில் ருசி தேடிப் போனவனுக்கு அது பொருத்தமான தண்டனை. வீட்டுக்கு வந்ததும் எனக்கு இன்னொரு விஷயம் உறைத்தது. ஒரே வீடு, ஒரே மெஷின். என் மனைவிக்கு ஏப்பமே வரவில்லை.

"நீ என்ன தண்ணி குடிக்க?"

"கொதிக்கவச்சுத்தான். நீங்க திருப்புளிய எடுத்த அன்னையிலேருந்து."

"எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"சொன்னேன். ஆத்துத் தண்ணில என்னென்ன சத்து இருக்குன்னு அரைமணி நேரம் பேசுனிய. காபி ஆறிப்போச்சு."

மறுநாள் பழைய வழியில் நடந்தேன். காலைக் கூட்டம் ஓய்ந்து, அக்கா சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். பரிசோதனைக்கு டப்பா கொண்டுவந்திருந்தேன். அதை எப்படி நீட்டுவது என்று இரவெல்லாம் யோசித்தும் வழி தெரியவில்லை. நீட்டினேன்.

"என்னது, ஊறுகாய் வேணுமா?"

"இல்லக்கா. சர்டிபிகேட்டுக்கு. இதுல... காலையில... கொஞ்சம்..."

புரிந்ததும் அவர் சிரித்த சிரிப்பில் எதிரே லாரிக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து உட்கார்ந்தார். "அம்பத்தஞ்சு வயசுல எங்கிட்ட ஒரு ஆம்பள வந்து கேக்கத பாரு!" என்றார். நான் சிரிப்பு அடங்கும்வரை டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். அந்த நோட்டீஸ்..."

"நீங்க எழுதுன மனுதான. தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"மூணு மாசமா தெனமும் வார மனுசன் ஒரு நாள் பொசுக்குனு நின்னுட்டாரு. பொறவு நோட்டீஸ் வருது. இதுக்கு எழுதப் படிக்கத் தெரியணுமாக்கும்?"

"பொறவு ஏன் எங்கிட்டயே வாசிக்கக் கொண்டாந்திய?"

"ஒங்க வாயால கேக்கணும்லா" என்று சொல்லிவிட்டுச் சட்டியைக் கவிழ்த்தார்.

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன். "தண்ணி எங்க எடுக்கிய? எழுதணும்" என்று கேட்டேன்.

"ஒங்களுக்கு வார அதே கொழாய்தான். எங்க சந்துல பொதுப் பைப்பு. ராத்திரி பெரிய குண்டாவுல தளதளன்னு கொதிக்கவச்சு, மூடி வச்சு, விடிய எடுப்பேன். எங்க ஊர்ல தண்ணி கெடைக்கதே பெரும்பாடு. அதுவும் எந்தப் பள்ளத்துல கெடந்ததுன்னு தெரியாது. கண்ணால பாத்த தண்ணியக்கூட நம்பமாட்டோம். நீங்க ஆத்தங்கரை ஆளுக, தண்ணிய நம்புவிய."

என் பரிசோதனைக் காகிதத்தில் கிருமி இருப்பதாக வந்ததையும் சொன்னேன். அவர் டப்பாவை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். "தாரேன். ஆனா ஒண்ணு. எங் காயிதம் ஆபீசுக்குப் போகுமுன்ன ஒங்க காயிதத்த ஒங்க சங்கத்துல வாசிக்கணும். சத்தமா."

அவருடைய முடிவு இரண்டு நாளில் வந்தது. கிருமி இல்லை, புழு இல்லை, ஒன்றும் இல்லை. இவ்வளவு சுத்தமான ஆவணத்தை என் இருபத்தேழு வருடச் சேவையில் நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம். அன்று தண்ணீர் வருகிற நாளும்கூட. அண்ணாச்சியின் காரை வெளியே தள்ளினோம். நான் எழுந்து என் பரிசோதனை முடிவை வாசித்தேன், சத்தமாக. அடுத்து திருகைப் பற்றிச் சொன்னேன். எந்தெந்த வீடுகளில் திறந்தேன் என்று வரிசையாகச் சொன்னேன். ஏப்பம் விடுகிற வீடுகளும் அவையே என்றும் சொன்னேன். மனுவைத் திரும்பப் பெற வேண்டும் என்று முடித்தேன்.

என்னை அடிக்க வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அதைவிட மோசமானது நடந்தது. யாரும் நம்பவில்லை.

"சும்மா இரும்வே" என்றார் அண்ணாச்சி. "மெஷின் தண்ணில கிருமியாம், ரோட்டோரக் கூழுல இல்லியாம். கேக்கவன் கேணையனா?"

"நீரு அங்க தெனமும் ஓசிக் கூழ் குடிக்கீருன்னு கேள்வி" என்றார் இன்னொருவர்.

"மெஷினுக்கு வாரண்டி இருக்குல்லா!" என்றார் மூன்றாமவர். கூட்டம் அதை ஒரு முடிவான வாதமாக ஏற்றுக்கொண்டது.

அப்போது தெருவில் மோட்டார்கள் ஓட ஆரம்பித்தன. தண்ணீர் வந்துவிட்டது. கூட்டம் தானாகக் கலைந்தது. எங்கள் சங்கத்தில் தண்ணீரைவிடப் பெரிய தீர்மானம் கிடையாது. நான் அண்ணாச்சியை விடவில்லை. எதிர்க்கடைக்குப் போய், வெள்ளைத் துணிக்குப் போடுகிற சொட்டுநீலம் இரண்டு பாட்டில் வாங்கி வந்தேன். அவர் வாசலில் குழி மூடியைத் தூக்கினேன். உள்ளே முழங்கால் அளவுக்குப் பழுப்பாய்த் தேங்கிக் கிடந்தது. ஒரு செருப்பும் மிதந்தது. இரண்டு பாட்டிலையும் அதில் கவிழ்த்தேன்.

"என்ன செய்யுதீரு?"

"தண்ணி நின்னபொறவு எப்பவும்போல அஞ்சு நிமிசம் மோட்டார ஓட்டுங்க அண்ணாச்சி. பொறவு ஒரு டம்ளர் குடிப்போம்."

அவர் வீட்டில் மோட்டாரிலிருந்து அடுக்களைக்கு நேர்க் குழாய் உண்டு. மெஷினும் அதில்தான் மாட்டியிருந்தது. தண்ணீர் நின்றது. மோட்டார் வெறுங்குழாயை இழுத்து முனகியது. நாங்கள் ஏழெட்டுப் பேர் அடுக்களைக்குள் மெஷினைச் சாமி பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றோம். அண்ணாச்சியின் மனைவி ஓர் எவர்சில்வர் டம்ளரை வைக்கப்போனார். நான் கண்ணாடி டம்ளர் கேட்டேன். மெஷின் தனக்கேயுரிய கம்பீரத்தோடு விளக்கைப் போட்டு, ஒரு ராகம் பாடி, தண்ணீரை விட்டது.

முதல் டம்ளர் தெளிவாக இருந்தது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். இரண்டாவதும் தெளிவு. மூன்றாவது டம்ளரின் அடியில் லேசாக ஒரு நிறம் இறங்கியது. நிரம்பும்போது, துவைத்து உலர்த்திய பள்ளிக்கூடச் சட்டையின் வெளிர் நீலம்.

அண்ணாச்சியின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினார்.

"இந்த நீலம்..." என்று ஆரம்பித்தார் அண்ணாச்சி. அதையும் கூழ்வண்டியோடு சேர்க்க ஒரு வழி இருக்கிறதா என்று அவர் யோசிப்பது தெரிந்தது. பிறகு குழியில் மிதந்த செருப்பு அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "காயிதத்தக் கொண்டாரும்வே. எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார்.

இரண்டாவது மனுவைச் சுருக்கமாக எழுதினேன். முதல் மனு தவறு, கூழ்வண்டி அக்காவின் மேல் குற்றம் இல்லை, குழாய்மூட்டுகளைப் பழுதுபார்த்து, சாக்கடையை ஒதுக்கித் தரவேண்டும். வயிறு என்பதற்கு வயிறு என்றே எழுதினேன். அக்காவின் சான்றிதழையும் சேர்த்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வண்டியை எடுக்கும் உத்தரவு ரத்தாயிற்று. மூட்டுகளும் சாக்கடையும் பரிசீலனையில் உள்ளன.

மறுபடியும் திருப்புளியோடு வீடு வீடாகப் போனேன், இந்த முறை மூடுவதற்கு. யாரும் காபி கொடுக்கவில்லை. இரண்டு வீடுகளில் என்னைத் தொடவிடாமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். எல்லோரும் மாத்திரை சாப்பிட்டார்கள். ஏப்பம் பழைய மணத்துக்குத் திரும்பியது. ஒரு மாதம் போனதும் அண்ணாச்சி தெருவில் என்னை நிறுத்தி, தாழ்ந்த குரலில், "ருசி ரொம்பச் சப்புன்னு இருக்குவே. லேசா ஒரு கால் திருப்பு திருப்பினா என்ன?" என்று கேட்டார். நான் ஓடாத குறையாக நடந்தேன்.

ஆனால் தெரு முக்கில் கூழ்வண்டி இல்லை. உத்தரவு ரத்தான மறுநாளே காணோம். அதிகாரிகள்தான் தெரியாமல் தூக்கிவிட்டார்கள் என்று பதறி, விசாரித்துக்கொண்டு போனேன். துறைமுகச் சாலையில் இன்னும் ஒரு மைல் தள்ளி, லாரி எடைமேடைக்கு எதிரே நின்றது. வரிசை முன்பைவிட நீளம்.

"அக்கா, இங்கன ஏன் வந்துட்டிய? ஒங்க மேலதான் ஒண்ணும் இல்லன்னு ஆயிருச்சே!"

"எம் மேல இல்ல, சரி. ஒங்க மேல இருக்குல்லா" என்றார் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே. "தெரு முழுக்க வயித்துல பூச்சிய வச்சுக்கிட்டு அத்தன பேரும் வந்து எஞ் சொம்ப வாயில வைக்கிய. நாளைக்கு ஒரு லாரிக்காரருக்கு ஒட்டிக்கிட்டா யாரச் சொல்லுவாவ? கூழ்க்காரியத்தான். பொறவு நீங்க ஒரு மனு எழுதுவிய."

வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற டிரைவருக்குச் சொம்பில் ஊற்றிக் கொடுத்தார். எனக்கு ஒரு காகிதக் கப்பை எடுத்தார்.

"அக்கா, எனக்குச் சரியாயிருச்சு. மாத்திரை முடிஞ்சுது."

"காயிதம் வச்சிருக்கியளா?"

இல்லை. கப்பில் குடித்தேன். மறுநாள் பரிசோதனைக்கூடத்துக்குப் போய் மறுபடியும் கொடுத்தேன். 'இல்லை' என்று முடிவு வந்தது. ஞாயிறு, திங்கள் விடுமுறை, செவ்வாய் ஒரு கப்பல் என்று நாள் ஓடி, வியாழக்கிழமை அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எடைமேடைக்கு நடந்தேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கினார். முன்பக்கம் பார்த்தார், திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் மேஜையில் நான் என்னென்ன செய்வேனோ அத்தனையும் செய்தார்.

"இது போன வாரத்துத் தேதில்லா?" என்றார்.

"ஆமா."

"இந்த வாரம் என்ன தண்ணி குடிச்சியளோ, எனக்கென்ன தெரியும்?"

பழைய தேதிக் காகிதத்தோடு வந்த எத்தனையோ பேரை நானும் இதே கேள்வி கேட்டுத் திருப்பியிருக்கிறேன். பின்னால் நின்ற லாரிக்காரர், "அண்ணாச்சி, சட்டுனு வாங்கிட்டு நவுருங்க" என்றார். அக்கா காகிதத்தை மடித்து என் பையிலேயே செருகிவிட்டு, கப்பில் விளிம்புவரை ஊற்றி, சீனியவரைக்காய் வற்றலை மட்டும் எப்போதையும்விட ஒரு கை கூடுதலாக வைத்தார்.